காட்ஃபாதர் இரண்டாம் பாகம்: என்னைப் பிடித்துக்கொண்டது மைக்கேல் இல்லை

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் பாம்பன் கரையில் கட்டிக் கிடக்கிறது. மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஓடுகிற படத்துக்கு எங்கள் பக்கம் இப்போதுதான் நேரம் கிடைக்கும். 1974-ல் வந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

எல்லோரும் மாஃபியா தலைவன் மைக்கேலாக நடித்த அல் பசினோவைத்தான் பேசுகிறார்கள். சரிதான், ஹவானாவில் புத்தாண்டு இரவில் அண்ணன் ஃப்ரெடோவை இழுத்து முத்தம் கொடுக்கிறாரே, அந்த முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 1901-ல் கப்பலில் வந்து இறங்குகிற ஒன்பது வயதுப் பையன் விட்டோதான், மைக்கேலின் அப்பா. அப்பா, அண்ணன், அம்மா மூன்று பேரையும் சிசிலியில் பறிகொடுத்துவிட்டு வருகிறான். எல்லிஸ் தீவில் கோட்டில் எண் அட்டையைக் குத்துகிறார்கள், ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக எழுதுகிறார்கள், பெரியம்மை என்று மூன்று மாதம் தனியறையில் வைத்துவிடுகிறார்கள்.

மண்டபம் முகாமை அறிந்த யாருக்கும் இது அமெரிக்கக் கதையாகத் தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை அங்கேதான் நிறுத்தி, அம்மை இருக்கிறதா, காலரா இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் தனுஷ்கோடி வழியாகக் கப்பலேற்றினார்கள். 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகள் திரும்பி வந்தபோதும் இதே மண்டபம்தான்.

அந்தப் பையன் வளர்ந்து ராபர்ட் டி நீரோ ஆகிறான். அவர் பேசுவது பெரும்பாலும் சிசிலிய மொழி, ஆஸ்கரும் வாங்கினார். தெருவில் திருவிழாப் பவனி போகும்போது மொட்டை மாடிகள் வழியாகவே போய், அந்தப் பகுதியை மிரட்டிப் பணம் பறிக்கிற ஃபனூச்சியைச் சுட்டுவிட்டு, நேரே வீட்டு வாசற்படிக்கு வந்து கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு உன்மேல் ரொம்பப் பிரியம் என்கிறார். அந்தக் குழந்தைதான் மைக்கேல்.

இயக்குநர் கப்போலா அப்பன் கதையையும் மகன் கதையையும் மாற்றி மாற்றி வெட்டி வைத்தது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மடியில் இருந்த அந்தக் குழந்தை வளர்ந்து கூடப்பிறந்த அண்ணனையே ஏரியில் படகில் வைத்துக் கொல்லச் சொல்கிறது. அதுவும் ஃப்ரெடோ மீன் பிடித்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும்போது! எங்கள் வீட்டிலும் கடலுக்குப் போகுமுன் சொல்வது அதே ஜெபம்தான். என்னால் அந்தக் காட்சியைத் தாங்க முடியவில்லை. மைக்கேலை 'கெத்து' என்று ஸ்டேட்டஸ் வைக்கிற தம்பிகளே, அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது? நிஜமாகவே கேட்கிறேன், சொல்லுங்கள்.