கொடிக்குக் குனியத் தெரிகிறது, துண்டைப் போடத் தெரியவில்லை

இன்றும் அதேதான். மெத்தை நடுவில் ஈரத் துண்டு. நடுவில்கூட இல்லை, என் பக்கம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது அது தவறிப்போய் அவர் பக்கம் விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

செங்கோட்டையில் சாரல் மாதத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். ஜூன் பிறந்தால் போதும், ஆரியங்காவு கணவாய்க் காற்று தூறலை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் தூவும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். எனக்கு மூன்று நாளாகியும் காயாத பாவாடை. இதில் மெத்தை வேறு இலவம்பஞ்சு. நனைந்தால் கட்டிதான். சுரண்டைப் பக்கம் போனால் வெயில் இருக்கும், மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறவா?

காலையில் நடந்ததைச் சொல்கிறேன். குளித்துவிட்டு வெளியே வருகிறார். எதிரே கொடி. அவர் உயரத்துக்கு நெற்றியில் இடிக்கும். என்ன செய்கிறார்? குனிகிறார்! அழகாகக் குனிந்து, அந்தப் பக்கம் நிமிர்கிறார். கொடி கண்ணில் படவில்லை என்றால் எதற்கு ஐயா குனிந்தீர்? அடுத்து கதவு ஆணி. அதற்கும் ஒரு பார்வை. அப்புறம் நாற்காலி. அதைச் சுற்றிப் போகிறார். இத்தனை காவலையும் கடந்து கட்டிலுக்கு வந்து நின்று, இடது காதை நிதானமாகத் துடைத்து, வலது காதை அதைவிட நிதானமாகத் துடைத்து, பொத்தென்று போட்டார்.

"என்னங்க இது?"

"துண்டு."

"அது தெரியுது. இங்க ஏன் கிடக்கு?"

"காயப் போட்டிருக்கேன். மேல ஃபேன் ஓடுதுல்லா."

அக்கா புனலூரிலிருந்து அரை டஜன் தோர்த்து, அதான் மலையாளத்துத் துண்டு, வாங்கி வந்தாள். சல்லடை மாதிரி மெல்லிசு, அடைமழையிலும் காய்ந்துவிடும். இவருக்கு அது உடம்பில் ஒட்டுகிறதாம். கம்பளி கணக்காக டர்க்கி டவல்தான் வேண்டுமாம். நனைந்தால் கன்றுக்குட்டி கனம் கனக்கும். அத்தையிடம் முறையிட்டால், "கொடியில போட்டா காத்து தூக்கிட்டுப் போயிரும்லா" என்கிறார். அந்தக் கனத்தையா?

1956 நவம்பர் 1 அன்று இந்த ஊரையே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்து மதராஸ் மாநிலத்தோடு சேர்த்தார்கள். ஒரு ஊரையே நகர்த்த முடிந்திருக்கிறது. ஒரு துண்டை ஆறடி நகர்த்த ஆளில்லை.

ராத்திரி சமாதானத்துக்குப் பிரானூர் பார்டரிலிருந்து பரோட்டா வாங்கி வந்தார். சரி, போகட்டும் என்று பொட்டலத்தைப் பிரித்தேன். சால்னா பையின் கழுத்தில் நூலைச் சுற்று சுற்று என்று சுற்றி வைத்திருக்கிறார்கள். இது என்ன சால்னாவா, புதையலா? நகம் உடைந்தது. பல்லால் இழுத்தேன், பல் கூசியது. கத்திரிக்கோலைத் தேடினால் வைத்த இடத்தில் இல்லை.

"மீசை வெட்ட எடுத்தேன். கட்டில்ல பாரு, துண்டுக்கு அடியில கிடக்கும்."

சிரித்துத் தொலைத்தேன். வேறென்ன செய்ய? அந்த நூலைச் சுற்றினவரும் யாருக்கோ வீட்டுக்காரர்தானே.