தேய்மானம் என்ற சொல்லும் என் முதுகும்

ஆறு ஆண்டுகளாக என் வீட்டுப் பீரோவின் மேல் ஒரு பெரிய உறை கிடக்கிறது. அதற்குள் என் முதுகின் எம்.ஆர்.ஐ. படங்களும் ஒன்றரைப் பக்க அறிக்கையும் இருக்கின்றன. கீழ்முதுகில் எல்4–எல்5, எல்5–எஸ்1 ஆகிய இரண்டு இடங்களில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு) தேய்மானம், லேசான புடைப்பு, நரம்பு வேரில் அழுத்தம் இல்லை என்பதுதான் அதன் சாரம். அப்போது எனக்கு வயது 49. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த எலும்பு மருத்துவர், "ஜவ்வு தேஞ்சு வெளிய வந்துடுச்சு சார், இனிமே குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, பெல்ட் இல்லாம வெளிய போகாதீங்க" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த மூன்று தடைகளையும் நான் ஐந்து ஆண்டுகள் கட்டிக்காத்தேன். நரம்பு வேரில் அழுத்தம் இல்லை என்ற வரியை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ஐந்து ஆண்டுகளில் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் வரும்போதெல்லாம் என் மனைவி அதைச் சாய்த்து உருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போவார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழே விழுந்த ஒரு பேனாவை எடுப்பதற்கு ஒரு கையால் மேசையைப் பற்றி, மூச்சை அடக்கி, முதுகைப் பலகைபோல விறைத்து, முழங்காலை மடக்கி இறங்குவேன். இவ்வளவு பத்தியத்துக்குப் பிறகு வலி குறைந்திருக்க வேண்டும் அல்லவா? கூடியது. முதலில் குனிந்தால் வலித்தது, பிறகு பேருந்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே வலித்தது, கடைசியில் குனியப் போகிறோம் என்று நினைத்தாலே இடுப்பு இறுகியது. ஸ்கேனில் இருந்த டிஸ்க் கெட்டுக்கொண்டே போகிறது என்று நான் நம்பினேன். கெட்டுக்கொண்டிருந்தது வேறு என்பது வலி பற்றிய நரம்பியலைப் படிக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது.

முதலில் என்னை உலுக்கியது ஸ்கேன் பற்றிய கணக்கு. முதுகு வலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. வலியே இல்லாத இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, ஐம்பது வயதினரில் 80 சதவீதம், எண்பது வயதினரில் 96 சதவீதம். டிஸ்க் புடைப்பும் அப்படித்தான், ஐம்பது வயதில் 60 சதவீதம் பேருக்கு இருக்கிறது. தேய்மானத்துக்கும் வலிக்கும் தொடர்பே கிடையாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. படத்தில் தெரிவது ஒன்றே வலியை விளக்கிவிடாது என்பதே பொருள். என் அறிக்கையின் அடியில் "உங்கள் வயதில், வலி இல்லாத ஐந்து பேரில் நான்கு பேருக்கு இதே தேய்மானம் இருக்கும்" என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் என் ஐந்து ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். தலை நரைத்ததை யாரும் முடிநோய் என்று எழுதிக்கொடுப்பதில்லை.

டிஸ்க் மட்டும் காரணம் இல்லையென்றால் வலி எங்கிருந்து வருகிறது? 1965-இல் வலி ஆய்வாளர்களான ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும், காயத்திலிருந்து கிளம்பும் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை, தண்டுவடத்திலேயே ஒரு வாயில் இருக்கிறது, அது திறப்பதையும் மூடுவதையும் மூளையும் தீர்மானிக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1983-இல் லண்டனில் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்டு வுல்ஃப் எலிகளை வைத்துச் செய்த சோதனை அடுத்த பெரிய படி. காயத்துக்குப் பின் வரும் மிகையான வலிக்கூச்சத்துக்குக் காயம்பட்ட இடத்து நரம்பு நுனிகள்தாம் காரணம் என்று அதுவரை பரவலாகக் கருதப்பட்டது. அதில் ஒரு பங்கு தண்டுவடத்துக்குள்ளேயே நிகழும் மாற்றம் என்று அவர் காட்டினார். செய்தியைக் கடத்தும் நரம்பணுக்களே கூர்மையடைந்துவிடுகின்றன. அதன் பிறகு சிறிய அசைவும் பெரிய வலியாகிறது, வலிக்கவே கூடாத தொடுதலும் வலிக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, நரம்பு மண்டலத்துக்கும் அது பொருந்துகிறது.

மூளையின் பங்கைக் காட்டுவதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறு குறிப்பு அது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் 15 சென்டிமீட்டர் ஆணியின் மேல் குதித்துவிட்டார். பூட்ஸைத் துளைத்துக்கொண்டு ஆணி நின்றது. ஆணி லேசாக அசைந்தாலே வலி தாங்காததால் ஃபென்டனில் போன்ற கடும் மருந்துகள் கொடுத்துத்தான் அதைப் பிடுங்கினார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது, காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடித்தாரா? இல்லை. கண் கண்ட ஆபத்தை மூளை நம்பியது, நம்பியபடி வலித்தது. என் எம்.ஆர்.ஐ. அறிக்கை எனக்கு அந்த ஆணியாக இருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். வலியை உருவாக்குவது மூளை என்றதும், அப்படியானால் எல்லாம் மனப்பிரமை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். என் அக்காவுக்குப் பத்து ஆண்டுகளாகக் கழுத்து, தோள், முதுகு எங்கும் வலி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒரு மருத்துவர் டென்ஷன் என்றார், இன்னொருவர் இந்த வயதுப் பெண்களுக்கு வருவதுதான் என்றார், வீட்டிலோ வேலை செய்யாமலிருக்கச் சாக்கு என்று பேசினார்கள். சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வரையறைக் குறிப்பில், ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. திசுவில் காயமோ நரம்பில் சேதமோ தெளிவாகத் தென்படாமல், வலியை உணரும் அமைப்பே மாறிப்போனதால் வரும் வலிக்கு நோசிபிளாஸ்டிக் வலி என்ற பெயரை அதே கழகம் 2017-இல் ஏற்றது. ஸ்கேனில் தெரியாத வலிக்கும் உடலில் இடம் இருக்கிறது. அந்த இடம் தண்டுவடமும் மூளையும்தான். இதைச் சொல்லி அக்காவுக்கு வலி குறையவில்லை, ஆனால் அன்று அவர் அழுதார்.

சிகிச்சைக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, உளவியல் சிகிச்சை போன்றவற்றைப் பரிந்துரைத்துவிட்டு, இடுப்பு பெல்ட்டையும், இழுவை சிகிச்சையையும், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணிகளையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊரில் முதல் நாளே கைக்கு வருவது பெல்ட். என்னுடையது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பலர் எனக்கு அனுப்பினார்கள். நாள்பட்ட முதுகு வலி உள்ள 151 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, உங்கள் வலி உடல் சேதத்தின் அறிகுறி அல்ல, மூளை தவறாக எழுப்பும் எச்சரிக்கை என்று நான்கு வாரம் பயிற்சி அளித்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி முற்றிலும் அல்லது ஏறக்குறைய நின்றுவிட்டது. போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் இது 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10 சதவீதம். படிக்கப் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள், கடும் வலிக்காரர்கள் அல்லர், எந்தச் சிகிச்சை பெறுகிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் இதை அப்படியே கொண்டுபோய், உன் வலி மூளையின் தவறு என்று சொல்வது அறிவியலாகாது. செங்கல் சுமப்பதை நிறுத்த முடியாதவருக்கு ஓய்வும் தூக்கமும் கூலியும் சேர்ந்ததுதான் சிகிச்சை.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடத்தி 2023-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு. அங்கே பிசியோதெரபிஸ்டுகளே பேச்சையும் அசைவையும் சேர்த்துச் செய்தார்கள். நோயாளி எதற்கு அஞ்சுகிறாரோ அந்த அசைவையே இறுக்கமில்லாமல், மூச்சை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைத்தார்கள். 12 வாரங்களில் அதிகபட்சம் ஏழு அமர்வுகள், பிறகு நினைவூட்டலாக ஒன்று. அன்றாட வேலைகளைச் செய்ய முடிவதில் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் நீடித்தது.

மாத்திரையிலும் தேடல் நடக்கிறது. வலிச் செய்தியைக் கடத்துவதற்காக நரம்பணுக்குள் சோடியத்தை விடும் ஒரு நுண்வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி அளித்தது. அது திடீர் வலிக்குத்தான். காலுக்கு இறங்கும் நாள்பட்ட நரம்பு வலியில் அதைச் சோதித்தபோது, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்தது.

ஸ்கேனுக்கும் கரண்ட் வைப்பதற்கும் ஊசிக்கும் கட்டணம் இருக்கிறது, நாற்பது நிமிடம் உட்கார்ந்து பயத்தைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. நம் மருத்துவர்களை நான் குற்றம் சொல்வதைவிட அந்த ஏற்பாட்டைத்தான் குற்றம் சொல்வேன். வெளியே அறுபது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது "தேய்மானம்" என்ற ஒற்றைச் சொல் வசதியானது. அது நோயாளியின் நரம்பு மண்டலத்துக்குள் போய் என்ன செய்கிறது என்பதை யாரும் அளப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ காரணமில்லாத எடை இழப்போ சேர்ந்திருந்தாலும் தாமதிக்கக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது அரிதல்ல. இவர்களுக்கு ஸ்கேன் கட்டாயம் தேவை.

ஓராண்டாக ஓர் இளம் பிசியோவிடம் போகிறேன். முதல் நாள் அவர் ஒரு காலி பிளாஸ்டிக் வாளியைத் தரையில் வைத்து, "எடுங்க சார், மூச்ச அடக்காம எடுங்க" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்த வாரம் வாளியில் ஒரு செம்புத் தண்ணீர், அதற்கடுத்த வாரம் இரண்டு. போன ஞாயிற்றுக்கிழமை வாசலிலிருந்து தண்ணீர்க் கேனை நானே தூக்கி வந்தேன், மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று இரவு வலித்தது, திங்கள் முழுக்க வலித்தது, செவ்வாய் மாலை குறைந்தது. பீரோ மேலிருக்கும் உறையை நான் எடுத்துப் பார்க்கவில்லை.