31,400 ரூபாய்க்குக் கணக்கு கேட்டவங்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி நம்ம பிளாட்டுக்காரங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல, பொது போர்வெல் மோட்டார் ரிப்பேர்ல செயலாளரான நான் காசு அடிச்சேன்னு வந்த அந்த நாலு நிமிஷ வாய்ஸ் நோட்டக் கேட்டுட்டு நெறைய பேர் எனக்கு போன் பண்ணிட்டீங்க. "விடுங்கக்கா, அவரு எப்பவும் அப்படித்தான பேசுவாரு"ன்னு சொன்னீங்க. விடத்தான் பாத்தேன், முடியல. குரூப்ல பதில் போட்டா அங்கிட்டு நாலு பேர் இங்கிட்டு நாலு பேர்னு சண்டையாகும், அதான் இங்க எழுதுறேன். பேர் போடல. யாருன்னு உங்களுக்கே தெரியும்.

"மோட்டார் ரிப்பேர்ல செயலாளரம்மா எம்புட்டு அமுக்குச்சுன்னு கேளுங்க"ன்னு அந்த அண்ணன் சொன்னாரு. அடுத்த நிமிஷமே "பொம்பளைக்கு போர்வெல் பத்தி என்னங்க தெரியும், கடைக்காரன் சொன்ன தொகைய அப்படியே எழுதிட்டு வந்திருக்கும்"னும் சொன்னாரு. அண்ணே, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் திருடுனேனா, இல்ல வெவரம் தெரியாம ஏமாந்தேனா?

கணக்கு இந்தா இருக்கு. மோட்டார் தூக்கி எறக்குன கூலி 6,500. காயில் கட்டி, புஷ், பேரிங் மாத்துனது 11,500. கருகிப்போன கேபிளுக்குப் பதிலா புதுசு 4,200. தூக்கும்போதே துருப்பிடிச்சு மரை தேஞ்சு வந்த ஜிஐ பைப் மூணு, 6,000. ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள கான்டாக்டரும் கெப்பாசிட்டரும் 3,200. கூட்டுனா 31,400. பில் எல்லாம் ஃபைல்ல இருக்கு, அன்னைக்கே போட்டோ எடுத்து குரூப்லயும் போட்டேன். போட்ட பில்லப் பாக்கல, ஆனா நாலு நிமிஷம் பேச மட்டும் முடியுது.

"எங்க மச்சான் தோட்டத்துல 12,000ல முடிச்சாங்க"ன்னு ஒரு பாயிண்ட். அவங்க தோட்டம் சோழவந்தான் பக்கம், வைகைக் கரையோரம். கெணத்து மேட்டுல ஒக்காந்திருக்கிற மோனோபிளாக் மோட்டாரு, நாலு போல்ட்டக் கழட்டுனா கையில தூக்கி வண்டியில வச்சிரலாம். நம்மளுது நத்தம் ரோட்டுல பாறை பூமி. அடியில முழுப் பாறை, பாறை வெடிப்புல ஓடுற தண்ணிதான் நமக்கு. போர் 620 அடி, மோட்டார் தொங்குறது 480 அடியில. இருபதடி பைப்பு 24, ஒண்ணொண்ணா மரை கழட்டி மேல எடுக்கணும், திரும்ப ஒண்ணொண்ணா மாட்டி எறக்கணும், நடுவுல ஒரு பைப்பு கைதவறுனா மோட்டாரும் போச்சு போரும் போச்சு. அதுக்கு ஒரு வண்டி, நாலு ஆளு. இது தெரியாமப் பேசுறவரு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறாரு.

அது எப்போ நடந்துச்சுன்னும் ஞாபகப்படுத்துறேன். அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு மத்தியானம். மதுரையில அன்னைக்கு எந்த மெக்கானிக்கு போன் எடுப்பாரு? சித்திர வெயில்ல 48 வீட்டுக்கும் தண்ணி இல்ல. தலைவர் சாரும் நானும் கைக்காசு போட்டு லாரித் தண்ணி எறக்குனோம், அது இந்த 31,400ல சேராது, அதுக்கு நாங்க யார்கிட்டயும் கேக்கவும் இல்ல. திருவிழாவுக்குன்னு வந்த என் நாத்தனார் குடும்பத்த வீட்டுல ஒக்கார வச்சுட்டு நான் வெயில்ல போர் கிட்ட நின்னேன். அந்த அண்ணன் வீட்டு சம்புலயும் அந்த லாரித் தண்ணிதான் விழுந்துச்சு. குடிச்சுட்டு, குளிச்சுட்டு, அப்புறம்தான் வாய்ஸ் நோட்டு.

காசும் கட்டாம, வேலைக்கும் வராம, தண்ணி மட்டும் எடுக்கிறவங்க, காசும் கட்டி வேலையும் பாக்கிறவங்களத் திருடின்னு சொல்லக் கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான். மீதி எல்லாம் இதுக்கு வெளக்கம்.

மோட்டார் ஏன் கருகுச்சுன்னு யாராவது கேட்டீங்களா? கோடையில தண்ணி மட்டம் எறங்குது. பாறை வெடிப்புல தண்ணி மெதுவாத்தான் ஊறும், ரெண்டு மணி நேரம் ஓட்டுனா கொஞ்ச நேரம் நிறுத்தி ஊற விடணும். நம்ம ஆப்பரேட்டர் ஐயா அப்படித்தான் ஓட்டுவாரு. ஆனா நிறுத்துன ஒடனே அவருக்கு போன் மேல போன். "எங்க தெருவுக்கு வரல, இன்னுங் கொஞ்ச நேரம் ஓட்டுங்க." அவரும் வாயில்லாத மனுசன், ஓட்டுனாரு. அடியில தண்ணி இல்லாம மோட்டார் காத்துல சுத்துச்சு, காயில் போச்சு. தண்ணி கீழ போனா தானா மோட்டார நிறுத்துற டிரை ரன் கருவி ஒண்ணு இருக்கு, மாட்டுறதுக்கு 4,000 ரூபா ஆகும்னு போன பொதுக்கூட்டத்துலயே நான் தீர்மானம் கொண்டு வந்தேன். "தேவையில்லாத செலவு, கமிஷனுக்காகக் கொண்டு வர்றாங்க"ன்னு எந்திரிச்சு நின்னு பேசி அத நிறுத்துனது யாரு? மினிட் புக்குல எழுதிருக்கு, கையெழுத்தும் இருக்கு. அந்த 4,000த்த அன்னைக்கே குடுத்திருந்தா இந்த 31,400 இல்ல.

அதோட, எந்தத் தெருவுக்குத் தண்ணி போகல, ஏன் போகலன்னும் சொல்றேன். மெயின் லைன்லயே செல்ஃப் பிரைமிங் மோட்டார மாட்டி உறிஞ்சுற வீடு எதெதுன்னு எனக்குத் தெரியும். தண்ணி தொறந்த ஒடனே அவங்க வீட்டுல மோட்டார் சத்தம் கேக்கும். தொட்டியில இருந்து தானா எறங்கி வர்ற தண்ணி அது, எல்லா வீட்டுக்கும் சமமா வரணும்னா யாரும் உறிஞ்சக் கூடாது. ரெண்டாந்தெருவுல ஒருத்தர் உறிஞ்சுனா ஆறாந்தெருக் கடைசியில காத்துதான் வரும். அங்க தனியா இருக்கிற அந்தப் பெரியம்மா ரெண்டு கொடத்த வச்சுக்கிட்டு கொழா முன்னாடியே ஒக்காந்திருக்கும். அவங்க ஒரு மாசம் பாக்கி வச்சதில்ல. பென்ஷன் வந்த அன்னைக்கே நானூறு ரூபாயக் கையில கொண்டாந்து குடுக்கும். உறிஞ்சுறவரு தீபாவளியில இருந்து கட்டல.

வரவு செலவப் பாருங்க. வீட்டுக்கு மாசம் 400, காலி பிளாட்டுக்கு 100. 48 வீடு, 64 காலி பிளாட்டு, எல்லாரும் கட்டுனா மாசம் 25,600. அஞ்சு ஹெச்பி மோட்டார் மணிக்கு மூணே முக்கா யூனிட்டு கிட்ட இழுக்கும், நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுது, ரெண்டு மாச பில்லுல 2,200 யூனிட்ட தாண்டிரும். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டு பொது இணைப்புக்குக் கிடையாது. கரண்டு பில்லு மட்டும் ரெண்டு மாசத்துக்கு இருபதாயிரத்த ஒட்டி வருது, அதாவது மாசம் பத்தாயிரம், ஆப்பரேட்டர் ஐயா சம்பளம் மாசம் 9,000. பிளீச்சிங் பவுடர், தொட்டி கழுவுற கூலி, தேயுற வால்வு, உடையுற பைப்பு எல்லாம் மிச்சத்துல. இதுல 17 வீடு கட்டுறதில்ல, காலி பிளாட்டுல நாப்பது பேர் கட்டுறதில்ல. மாசம் வர்றது 14,800. கரண்டுக்கும் சம்பளத்துக்குமே 19,000 வேணும். இதுல எத எடுத்து நான் அமுக்க?

"நான் சிங்கப்பூர்ல இருக்கேன், பிளாட்டு சும்மா கெடக்கு, தண்ணி ஒரு சொட்டு எடுக்கல, எதுக்கு நூறு ரூபா?"ன்னு கேக்கிறவங்களுக்கு. உங்க பிளாட்டு விக்கும்போது புரோக்கர் என்ன சொல்லுவாரு? "24 மணி நேரமும் தண்ணி, ஓவர்ஹெட் டேங்க் இருக்கு, ரோடு இருக்கு, லைட்டு இருக்கு." அந்த டேங்க்கப் போட்டோ எடுத்துத்தான் விளம்பரம் போடுவாங்க. சென்டுக்கு வெலை ஏறுனது மண்ணுனால இல்ல, இங்க குடியிருக்கிற நாங்க இந்தத் தண்ணிய நிக்காம ஓட வச்சதுனால. நாளைக்கே டேங்க் காஞ்சு கெடந்தா உங்க பிளாட்ட எவன் கேப்பான்? மாசம் நூறு ரூபா. அங்க ஒரு நேரம் டீ குடிக்கிற காசு வருமா அது? போன வருஷம் ஊருக்கு வந்திருந்தப்ப உங்க பிளாட்டுல முள்ளு வெட்டிப் போட எங்க ஆப்பரேட்டரத்தான கூப்பிட்டீங்க.

பஞ்சாயத்துதான தண்ணி குடுக்கணும்னு கேக்கிறதுல நியாயம் இருக்கு. ரோட்டையும் பூங்கா எடத்தையும் பஞ்சாயத்துக்கு தான செட்டில்மென்ட் எழுதிக் குடுத்தாச்சு, வீட்டுக்கு வீடு கொழாத் தண்ணி குடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்துப் பைப்பு பழைய ஊருக்குள்ள வந்துருச்சு, நம்ம பக்கம் இன்னும் வரல. மனு குடுத்திருக்கோம், திரும்பவும் குடுப்போம். அது வர்ற வரைக்கும் குடிக்காம இருக்க முடியுமா? பிளாட்டு போட்டு வித்த புரமோட்டரக் கேளுங்கன்னு சொல்றவங்களுக்கு, அவரு கடைசி பிளாட்டு பத்திரம் முடிஞ்சதோட போனவரு. அத விடுங்க.

"எனக்கு சொந்த போர் இருக்கு, நான் ஏன் கட்டணும்"னு இன்னொருத்தர். உங்க போர் எங்க இருக்கு? பொது போருக்கு நாப்பதடி தள்ளி. பாறைக்குள்ள வெடிப்பு உங்க காம்பவுண்டோட நின்னுருமா?

பாக்கிப் பட்டியல குரூப்ல போட்டு மானத்த வாங்கிட்டேன்னு ஒரு பெரிய வருத்தம் ஓடுது. ஆமா, போட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டா கதவத் தொறக்கல, போன் பண்ணா எடுக்கல, தனியா மெசேஜ் போட்டா ரெண்டு நீல டிக்கு மட்டும் வருது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல பதிஞ்ச சங்கம் இது, வருஷா வருஷம் கூட்டம் போட்டு கணக்க மாவட்டப் பதிவாளர் ஆபீசுல தாக்கல் பண்றோம். யாரு கட்டுனா யாரு கட்டலங்கிறது சங்கத்துக் கணக்கு, ரகசியம் இல்ல. பட்டியல்ல பேர் வந்தது மானக்கேடுன்னா, மாசக்கணக்கா அடுத்தவன் காசுல தண்ணி எடுத்தது என்ன? எம்பேர திருடின்னு நூத்திப் பத்து பேர் இருக்கிற குரூப்ல சொன்னது மானக்கேடு இல்லையா? அத கேட்டுக்கிட்டு அத்தன பேரும் சும்மா இருந்தீங்களே, அதுதான் எனக்கு அதைவிட வலிச்சது. தனியா போன் பண்ணி ஆறுதல் சொன்னவங்க, குரூப்ல ஒரு வரி போட்டிருக்கலாம்.

எங்கப்பா ஊரு மேலூர் பக்கம், பெரியாறு கால்வாய்க் கடைமடை. 1895ல முல்லைப் பெரியாறு அணை கட்டி, மேற்க ஓடுன தண்ணிய மலையக் கொடஞ்சு கெழக்க திருப்பி, வைகையில விட்டு, பேரணையில இருந்து கால்வாயில பிரிச்சு, அங்க இருந்து கண்மாய் கண்மாயா எங்க ஊருக்கு வரும். கடைசி ஆளுங்கிறதுனால வர்றது கொஞ்சந்தான். அதப் பங்கு போட நீர்க்கட்டி ஒருத்தரு இருந்தாரு. இன்னைக்கு ராத்திரி யாரு வயலுக்கு, எத்தன நாழிக்கு, எல்லாம் அவரு சொல்றதுதான். கண்மாய் நெறைஞ்சு கெடக்கும்போது முங்கித்தான் மடையத் தொறப்பாரு. ஊருக்குள்ள வேற எதுலயும் அவருக்குப் பெரிய மருவாதை குடுக்கல, அது தனியாப் பேச வேண்டிய விஷயம், ஆனா தண்ணி விஷயத்துல அவரு வாய்ச்சொல்ல எந்தப் பெரிய வீடும் மீறுனதில்ல. அறுப்பு முடிஞ்சா களத்துலயே அவரு பங்கு நெல்ல அளந்து ஓரமா வச்சுட்டுத்தான் எங்கப்பா மூட்டை கட்டுவாரு. ஒரு வருஷம் வெளைச்சல் ரொம்ப மோசம், வீட்டுக்கே பத்தாது. அப்பவும் அந்தப் பங்கு போச்சு. எங்கம்மா மொனகுனதுக்கு, "அந்தாளு ராத்திரி தூங்காம நின்னதுனாலதான் இம்புட்டாவது வந்துச்சு"ன்னாரு.

நம்ம ஆப்பரேட்டர் ஐயாவுக்கு இந்த மாசச் சம்பளம் இன்னும் குடுக்கல. மோட்டாருக்குப் போட்டதுல கையில ஒண்ணுமில்ல. அவரு கேக்கவும் இல்ல, அஞ்சு மணிக்கு வந்து வால்வத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்காரு. அந்த வாய்ஸ் நோட்டுல "ஆப்பரேட்டரும் கூட்டு"ன்னு ஒரு வார்த்தை வருதே, கவனிச்சீங்களா? அவரு மகன் அத போட்டுக் காட்டிருக்கான். நேத்து காலையில வந்து பம்ப் ரூம் சாவிய என் வீட்டுத் திண்ணையில வச்சுட்டு, "பேத்தி கேட்டுருச்சும்மா, நான் நின்னுக்கிறேன்"னாரு. ஏழு வருஷமா இந்தத் தண்ணிய விட்ட மனுசன். அவர ஒக்கார வச்சு காப்பி குடுத்து, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு கெஞ்சி அனுப்பிருக்கேன். என்னையச் சொன்னதக் கூட நான் தாங்கிக்கிருவேன். ஒம்பதாயிரத்துக்கு ராப்பகலா ஓடுற ஆளச் சொல்ல எப்படி மனசு வந்துச்சு?

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு பூங்காவுல கூட்டம். கணக்கு நோட்டு, பேங்க் பாஸ்புக், பில் ஃபைல், மினிட் புக் எல்லாம் மேசையில இருக்கும், யாரு வேணா பொரட்டிப் பாக்கலாம். செயலாளர் பொறுப்பு வேணுங்கிறவங்க எழுதிக் குடுங்க, அன்னைக்கே மாத்திக்கலாம், எனக்கு அந்த நாற்காலி மேல ஆசையே இல்ல. டிரை ரன் கருவிக்கு 4,000 முதல் தீர்மானம். லைன்ல மோட்டார் மாட்டிருக்கிற வீட்டு இணைப்பத் துண்டிக்கிறது ரெண்டாவது. ஆப்பரேட்டர் ஐயாவுக்கு சம்பளம் உயர்த்துறது மூணாவது. அவரையும் வரச் சொல்லிருக்கேன், முன்னாடி நாற்காலி போட்டு ஒக்கார வைப்போம். அந்த அண்ணன் என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அவர்கிட்ட சொல்லணும், வாய்ஸ் நோட்டுல இல்ல, நேர்ல, எல்லாரு முன்னாடியும்.