142857க்கும் பிரமிடுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை

சனிக்கிழமை ஆண்டுவிழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மைக் கேட்டு எழுந்து நின்றவன் நான்தான். "உட்காருங்க சார்" என்றதும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறதே, அதுவும் எனக்குத்தான்.

மேடையில் சிறப்பு விருந்தினர் சொன்னார்: 142857 பிரமிடுக்குள் கிடைத்த தெய்வீக எண்ணாம். 2ஆல் பெருக்கினால் 285714, 3ஆல் பெருக்கினால் 428571. அதே ஆறு இலக்கங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரே கைதட்டல். நான் இதை மறுக்கவே இல்லை. ஆனால் இதற்குக் காரணம் பிரமிடு இல்லை, 7. ஒன்றை ஏழால் வகுத்தால் 0.142857142857 என்று போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். 7ஆல் பெருக்கினால் 999999. அதை மட்டும் அவர் சொல்லவில்லை, குட்டு உடைந்துவிடுமே!

பழைய எகிப்தில் தசமப் புள்ளியே கிடையாது ஐயா. வாய் மாதிரி ஒரு குறி, அதன் கீழே ஏழு கோடு. ஏழில் ஒரு பங்கை அப்படித்தான் எழுதினார்கள். 142857ஐ அவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

"கதையாகச் சொன்னால் பசங்களுக்கு ஆர்வம் வருமே" என்று இன்பாக்ஸில் அறிவுரை. சரி, கதை வகுத்தலிலேயே இருக்கிறதே. 10ஐ ஏழால் வகுத்தால் ஈவு 1, மீதி 3. மீதியோடு ஒரு சுழி சேர்த்து 30ஐ வகுத்தால் ஈவு 4, மீதி 2. அப்புறம் மீதி 6, 4, 5, பழையபடி 1. 3ஆல் பெருக்குவது என்றால் இந்தச் சங்கிலியில் மீதி 3 வந்த இடத்தில் ஏறிக்கொள்வது. அங்கிருந்து ஈவுகள் 4, 2, 8, 5, 7, 1. அதனால்தான் 428571.

ஆறாம் வகுப்பில் இந்த வகுத்தல் முடியும், முடியும் என்று ரஃப் நோட்டில் இரண்டு பக்கம் போட்டேன். "நோட்டை வீணாக்குறியா?" என்று வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றினார். மேலே நின்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, சேலைக் கரை மாதிரி அதே ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப. அதை எனக்கு எந்தப் பிரமிடும் காட்டவில்லை.

"தெய்வச் செயலாக இருக்கக் கூடாதா?" என்கிறார் இன்னொருவர். நமக்கு எட்டு விரல் இருந்து எட்டெட்டாக எண்ணியிருந்தால் ஏழில் ஒன்று 0.1111 என்று போயிருக்கும். தெய்வீகம் அங்கேயே காலி. ஒன்றை 17ஆல் வகுத்தாலும் இதே விளையாட்டுதான்: 0588235294117647, பதினாறு இலக்கம். அது எந்தக் கல்லறையில் கிடைத்தது? இது வேற்றுக்கிரகவாசி வேலை என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

142857இன் வர்க்கம் 20408122449. அதை 20408, 122449 என்று வெட்டிக் கூட்டுங்கள், மறுபடி 142857. இப்படிப்பட்டவற்றுக்குக் கப்ரேக்கர் எண்கள் என்று பெயர். கப்ரேக்கர் யார்? மகாராஷ்டிராவில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர் பெயர் அந்த மேடையில் வரவே இல்லை. வாத்தியார் பெயருக்கு யார் கைதட்டப்போகிறார்கள்?

"பெரியவரை அவமானப்படுத்தலாமா?" என்றும் கேட்கிறார்கள். நான் மைக்தான் கேட்டேன், அதையும் தரவில்லை. அவமானப்பட்டது யார்?

கடைசியில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியபோது நானும் கைதட்டினேன். அது வீடியோவில் இல்லை.