அந்த வீடியோவை இன்றைக்கே அழித்துவிடுங்கள்

நேற்று மதியத்திலிருந்து அந்த வீடியோவை எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். கடையில் திருடிப் பிடிபட்ட ஒரு பையனின் வீடியோ அது. பையனுக்கு மிஞ்சிப்போனால் பதினைந்து வயது இருக்கும். எடுத்த பொருள் மேசைமேல் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. அதற்கு அப்புறமும் ஒருவர் அவன் தாடையைப் பிடித்து முகத்தைக் கேமரா பக்கம் திருப்புகிறார். அந்த ஒரு நொடியைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

திருடியது தவறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'அப்போ திருட்டுப் பயலைக் கொஞ்சச் சொல்கிறாயா' என்றுதான் முதல் கமெண்ட் வரும். கொஞ்ச வேண்டாம். வீட்டுக்குச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் போலீசைக் கூப்பிடுங்கள், நஷ்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அவன் முகத்தை ஊருக்குக் காட்டாதீர்கள். 1985-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட பெய்ஜிங் விதிகள், தவறு செய்த சிறாரை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் வெளியாகக் கூடாது என்கின்றன. வழக்கு ஆவணத்தைக்கூட வெளியாள் பார்க்கக் கூடாது. நீதிமன்றமே மூடி வைக்க வேண்டிய முகம் அது, நீங்கள் அதற்குப் பின்னணி இசை போட்டுப் பரப்புகிறீர்கள்.

'சட்டம் ரொம்ப இளகிவிட்டது' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இளகவில்லை, யோசித்திருக்கிறது. 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, முடிந்த இடத்தில் சிறாரை நீதிமன்றத்துக்கு இழுக்காமலேயே வழிசெய்யச் சொல்கிறது. நியூசிலாந்தில் அதே ஆண்டு வந்த சட்டப்படி குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து என்ன செய்வது என்று பேசுகிறார்கள். கனடாவில் 2003 முதல், வன்முறை இல்லாத முதல் தவறு என்றால் எச்சரிக்கை மாதிரியான நடவடிக்கையே போதும் என்றுதான் சட்டம் தொடங்குகிறது. பதின்வயதில் சறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் வயது ஏற ஏறத் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள் என்பது குற்றவியல் படித்தவர்களுக்குப் பழைய செய்தி. அதனால்தான் முதல் தவறுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாம் போய் அதை வெளியிலிருந்து பூட்டுகிறோம்.

பதினெட்டு தாண்டியவர்கள் கதை வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடு, அதோடு முடிந்தது' என்று பிள்ளைகளுக்குப் பெரியவர்களே சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கிறேன். முடியாது. பல நாடுகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது குற்றத் தீர்ப்புதான், பின்னால் வேலை விண்ணப்பத்திலும் விசா படிவத்திலும் வந்து நிற்கும். முதல் தடவை என்றால் எச்சரித்து விடுவது, நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவது போன்ற வழிகள் பெரியவர்களுக்கும் பல இடங்களில் உண்டு. கடையின் பின்னறையில் நீட்டும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

கடைக்காரருக்கு நஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது, அவர் கோபமும் நியாயம். சரி, பயம் இருந்தால்தான் திருந்துவான் என்பவர்களுக்கு என்ன சொல்ல? பயம் அந்தப் பையனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அவன் கையைப் பாருங்கள், நடுங்குகிறது. இன்னும் எவ்வளவு பயம் வேண்டும் உங்களுக்கு?

'கடையில் வேலை பார்த்திருந்தால் தெரியும்' என்று எழுதியவருக்குத்தான் இந்தக் கடைசிப் பகுதி. பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வயதில், பில் போடும் இடத்தில், எட்டு மாதம். ஒரு நாள் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணைப் பின்னறைக்குக் கூட்டிவந்தார்கள். எடுத்தது ஒரு கண்மை. அதில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக் கிழித்துச் சின்ன உருண்டையாக்கி விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே நின்றாள். அம்மாவுக்குப் போன் செய்யுங்கள், அம்மாவுக்கு மட்டும் செய்யுங்கள் என்று அதையே சொன்னாள். மேலாளர் என்னைப் பார்த்து 'நீ போட்டோ எடு' என்றார். எடுத்தேன். முகம் சரியாக விழவில்லை என்று இரண்டாம் தடவையும் எடுத்தேன், தலையை நிமிர்த்தும்மா என்று நானே சொன்னேன்.

அந்தப் படத்தை நாங்கள் சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டினார்கள். தினமும் அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். நான் வேலையை விட்டு வந்த நாளிலும் அது அங்கேதான் இருந்தது, ஒரு மூலையில் டேப் விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்திருக்கும். நான் இழுக்கவில்லை.

அது ஒரு அறையின் சுவர், பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். உங்கள் சுவரில் இருப்பதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அதன் கீழேயே எழுதியிருக்கிறது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இப்போதே போய் எடுத்துவிடுங்கள். எனக்கு அனுப்பிய பதினோரு பேருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், இதுவரை மூன்று பேர் அழித்திருக்கிறார்கள்.