ஜெபத்துல நினைச்சுக்கிறோம் பிரதர்

"அப்பாவை ஐசியூவில் சேர்த்திருக்கிறோம்" என்று சபை வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டால் போதும், கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழும். "ஜெபத்துல நினைச்சுக்கிறோம் பிரதர்." ஜெபத்தைக் குறைத்துப் பேசவில்லை, நானும் கைகூப்பி போடுகிறவன்தான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற அந்தப் பையனிடம் போய், "நீ வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் படுத்துட்டு வா தம்பி, அதுவரை நான் இருக்கேன்" என்று சொல்ல நம்மில் எத்தனை பேர் கிளம்புகிறோம்? வெறும் வாயால் "பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று பைபிளில் யாக்கோபு தன் நிருபத்தில் (கடிதத்தில்) அன்றைக்கே கேட்டுவிட்டார்.

நமக்கு எது சுலபமோ அதைக் கொடுத்துவிட்டு, அன்பு செலுத்திவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறோம். எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. பைபிளில் வருகிற குருட்டுப் பிச்சைக்காரர் பர்திமேயுவுக்குப் பார்வை இல்லை என்பது எரிகோ சாலையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். இயேசுவுக்குத் தெரியாதா? அப்படியும் அவர் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்டுவிட்டுத்தான் சுகமாக்கினார்.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் கதை நம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கே தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த வீடுகளுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர். ஐடா அமெரிக்காவில் 1899இல் மருத்துவப் படிப்பை முடித்து, 1900இல் வேலூர் வந்து சேர்ந்தார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அன்புக்கு இப்படி அனாடமி பரீட்சை எழுதுகிற வடிவமும் உண்டு என்பதை நம் பிரசங்கிமார் சொல்வதில்லை.

அதே வேலூரில் பால் பிராண்ட். வெள்ளைக்காரர், பிறந்தது நம் கொல்லிமலையில். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும் யாரும் வேலை கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் தச்சு வேலை கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, நடந்து நடந்தே புண்ணாகிவிடும். அதற்காக மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு சர்ஜன் செருப்பு வேலை வரைக்கும் இறங்கி வந்தார் பாருங்கள், அன்பைப் பற்றிச் சொல்கிற பைபிள் அதிகாரமான 1 கொரிந்தியர் 13க்கு எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் வந்தால் விதவைத் தாய்மாருக்குச் சேலை. மேடையில் வரிசையாக நிற்க வைத்து, சேலையின் ஒரு முனையைச் சபை ஐயரும் (போதகர்) மறு முனையைச் செயலரும் பிடித்துக்கொள்ள, அந்த அம்மா கேமராவைப் பார்க்கும் வரை கொடுக்கவும் மாட்டார்கள். வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாதாம். நமக்கோ ஃபேஸ்புக்கே அறிந்தாக வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிற பாட்டிகளுக்குச் சேலைக்குப் பஞ்சமில்லை. எங்கள் வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவன் நவம்பர் வந்தால் போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டுகிற வாழ்நாள் சான்றை, போனில் முகத்தைப் பதிவு செய்து போட்டுக் கொடுக்கிறான். "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி, இன்னொரு தடவை" என்று அவன் கெஞ்சுவதைப் பார்க்கணும்! மேடையில் அவன் பெயரை யாரும் வாசித்ததில்லை.

சபை விருந்தான அசனத்தில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிறோம். எனக்கும் அதில் பெருமைதான். அதே பந்தியில் உட்கார்ந்தவர், சாதியில் தாழ்ந்தவர் என்று நாம் வைத்திருப்பவர், சபைக் கமிட்டித் தேர்தலில் நின்றால்? அவர் வீட்டுப் பையனுக்கு நம் பெண்ணைக் கேட்டு வந்தால்? கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய சபைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவருக்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்காமலே தெரியும், தெரிந்துதான் சேலையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இதை எழுதியதும் "ஆவிக்குரிய காரியம் பேசுங்க பிரதர்" என்று கமெண்ட் வரும். இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.