சாவுச் செய்தி பத்து நாள் கழிச்சா வந்து சேரணும்?

அப்பா தவறிட்டார்னு நண்பன் போட்ட பதிவு, காரியம் நெருங்குற நேரத்துலதான் கண்ணுல படுது. மேல ஒரு பரோட்டா ரீல்ஸ், கீழ ஒரு மெத்தை விளம்பரம், நடுவுல மாலை போட்ட அந்தப் பெரியவர் படம். பதிவு போட்டுப் பத்து நாள் ஆச்சு. இனி அந்த வீட்டு வாசல்ல எந்த முகத்தோட போய் நிக்கிறது? கூடப் படிச்சவன் எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தானே பேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல கணக்கே ஆரம்பிச்சோம்! யாரோ ஒருத்தர் சமைக்கிறது, ஆடுறது எல்லாம் வருது, அவன் செய்தி மட்டும் வர மாட்டேங்குது. வயிறு எரியுது.

இது ஏதோ தப்பித்தவறி நடக்குறதும் இல்ல. 2016 வரைக்கும் இன்ஸ்டாகிராம்ல யார் எப்போ போட்டாங்களோ அந்த வரிசையிலதான் வந்துச்சு. அந்த வருஷம் அதை மாத்திட்டாங்க. இந்தப் பதிவுல நீங்க சில நொடி நிப்பீங்களா, லைக் போடுவீங்களா, கமென்ட் எழுதுவீங்களான்னு கணிச்சுத்தான் இப்போ அடுக்குறாங்க. சாவுச் செய்திக்கு யாருக்கு லைக் போடக் கை வரும்? வருஷத்துக்கு ரெண்டு பதிவு போடுற அமைதியான ஆளு வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அடியில போய்ப் புதைஞ்சிடுது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரெண்டையும் நடத்துற மெட்டா கம்பெனி மேல அமெரிக்காவுல நடந்த ஏகபோக வழக்கோட 2025 தீர்ப்பைப் பாருங்க. அந்த ஊர்க்காரங்க பேஸ்புக்ல செலவழிக்கிற நேரத்துல நண்பர்கள் போட்டதைப் பார்க்குறது 17 சதவீதம், இன்ஸ்டாகிராம்ல வெறும் 7. வழக்குல ஜெயிக்க அந்தக் கம்பெனியே நீட்டின கணக்கு இது!

வழி இல்லாம இல்ல, ஒளிச்சு வெச்சிருக்காங்க. இன்ஸ்டாகிராம்ல மேல 'Instagram'னு இருக்குற பேரைத் தட்டினா ஃபாலோயிங், ஃபேவரிட்ஸ்னு ரெண்டு வரும். 2022ல கொடுத்தது. ஃபாலோயிங் போனா நாம தொடர்றவங்க மட்டும், நேர வரிசையில. ஃபேவரிட்ஸ்ல 50 பேர் வரைக்கும் சேர்க்கலாம். ஆனா ஆப்பை மூடித் திறந்தா பழைய குப்பை மறுபடி வந்து நிக்கும். ஒரு தடவை சொன்னதை அப்படியே வெச்சுக்க என்ன கேடு? பரிந்துரைப் பதிவுகளை நிறுத்தலாம், அதுவும் 30 நாளைக்குத்தான். பேஸ்புக்ல மூணு கோட்டைத் தட்டி ஃபீட்ஸ், அதுக்குள்ள ஃப்ரெண்ட்ஸ்னு தோண்டிக்கிட்டுப் போகணும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வெச்சாச்சே, போதும்னு இருக்குறவங்க மேலயும் கோபம் வருது. அது 24 மணி நேரத்துல மறைஞ்சிடும். அதோட, ரெண்டு பேரும் ஒருத்தர் நம்பரை ஒருத்தர் சேமிச்சிருந்தாத்தான் தெரியும். புது சிம் வாங்கி, செட்டிங்ஸ்ல அக்கவுன்ட் உள்ள போய் 'சேஞ்ச் நம்பர்' கொடுக்காம புதுசா ஆரம்பிச்சீங்கன்னா, உங்க புது நம்பர் யார்கிட்டயும் இருக்காது. நீங்க வைக்கிற ஸ்டேட்டஸ் சுவத்துக்குத்தான்.

பள்ளிக்கூட குரூப்ல போட்டாலும், காலையில ஆறு மணிக்கு வந்து விழுற நாப்பது ரோஜாப்பூ வணக்கத்துக்கு அடியில போயிடும். அட்மின்களே, உங்களுக்குக் கோடி புண்ணியம். துக்கச் செய்தி வந்தா அதை அழுத்திப் பிடிச்சு, மேலேயே நிக்கிற மாதிரி 'பின்' பண்ணுங்க, 7 நாள்னு கொடுங்க, எடுக்குற நேரமும் வீட்டு விலாசமும் அந்த ஒரே மெசேஜ்ல இருக்கட்டும். குரூப்பை மியூட்ல போட்டவங்க நாலு பேராவது இருப்பாங்க, அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க.